ஆளின் படமா, ஆட்களின் பட்டியலா?

போன மாதம் ஒரு ராத்திரி, கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது தம்பி மகன் போன் செய்தான். கூடலூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருக்கிறான். எஸ்டேட் பக்கம் ஒரு கொலையாம், செய்தது யாரென்று துப்பே கிடைக்கவில்லையாம்.

“வெளியிலேர்ந்து உதவி கேக்கலாம்னு மேல சொல்றாங்க பெரியப்பா. சைக்காலஜிஸ்டைக் கூப்பிட்டு, செஞ்சவன் எப்படிப்பட்ட ஆளுன்னு எழுதி வாங்கலாமா? மேப்பை வெச்சு வீட்டைக் கண்டுபிடிக்கிறாங்களே, அதைக் கேக்கலாமா? இல்ல, நம்ம பழைய வழியிலேயே போறதா? கையில ஏழு பேருதான். ஒண்ணைத்தான் ஒழுங்காச் செய்ய முடியும்.”

வழக்கின் விவரத்தை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதுதான் முறை. நீலகிரியில் 31 வருஷம் போலீஸில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. துரத்திப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள், நான் எழுதிவைத்தவன். ஓய்வுக்குப் பிறகு, உளவியல் பாடம் நடத்தும் மகளின் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பொழுதுபோகாமல் எடுத்துப் படிக்க ஆரம்பித்து, இப்போது அவளுக்கே தொல்லையாகிவிட்டேன். அந்த அனுபவத்தையும் படிப்பையும் சேர்த்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், எல்லோரையும் மயக்குகிற வழி. கொலை நடந்த இடத்தையும் உடலில் இருந்த காயங்களையும் பார்த்துவிட்டு, செய்தவனின் வயது, குணம், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வரைந்து தருவது. 1888-இல் லண்டனில் ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளின்போதே தாமஸ் பாண்ட் என்ற போலீஸ் மருத்துவர் இதைச் செய்திருக்கிறார். உடல் பலம் உள்ளவன், நிதானமும் துணிச்சலும் உள்ளவன், பார்த்தால் பரமசாதுவான நடுத்தர வயதுக்காரன், நன்றாக உடுத்துபவன் என்று எழுதிக் கொடுத்தார். சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்கவே இல்லை.

இந்த வழிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் நியூயார்க் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரசல். 1940-இல் தொடங்கி 1956 வரை அந்த ஊர்த் தியேட்டர்களிலும் ரயில் நிலையங்களிலும் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகளை வைத்த ஒருவனைப் பற்றி, அவன் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு அவர் சொன்னவற்றில் பல பொருந்தின. பிடிபடும்போது டபுள் பிரெஸ்ட் கோட்டு போட்டிருப்பான், பட்டன் மாட்டியிருப்பான் என்றாராம். 1957 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் ஜார்ஜ் மெட்டெஸ்கியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் பைஜாமாவில் நின்றார். உடை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். வந்தபோது அதே கோட்டு, பட்டன் மாட்டியபடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மின்சாரக் கம்பெனியில் ஆலிஸ் கெல்லி என்ற குமாஸ்தா, நஷ்ட ஈடு கேட்டுக் கிடைக்காமல் போனவர்களின் பழைய ஃபைல்களை உட்கார்ந்து புரட்டினார். 1931-இல் வேலையில் அடிபட்ட ஒருவரின் ஃபைலில், குண்டுக்காரன் கடிதங்களில் இருந்த அதே சொற்கள் கிடந்தன. கோட்டுப் பட்டனைச் சொன்ன டாக்டரை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது, ஃபைலைப் பிரித்த அம்மாவை மறந்துவிட்டது. ரைட்டர் வேலை பார்த்தவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

1972-இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. சிறையில் இருந்த 36 கொலையாளிகளிடம் பேசி, திட்டமிட்டுச் செய்பவன், கண்மூடித்தனமாகச் செய்பவன் என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்தார்கள். 2004-இல் இங்கிலாந்துப் பேராசிரியர் டேவிட் கேண்டர் குழுவினர் 100 தொடர் கொலைகளை வைத்துப் பார்த்தபோது அந்தப் பிரிவினை நிற்கவில்லை. திட்டமிடும் அடையாளங்கள் ஏறக்குறைய எல்லாக் கொலைகளிலும் இருந்தன.

அப்படியானால் இத்தனை போலீஸ்காரர்கள் ஏன் நம்புகிறார்கள்? 2003-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு எனக்குப் பிடித்தது. ஒரே மனோதத்துவக் குறிப்பை இரண்டு போலீஸ் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பிடிபட்ட உண்மையான ஆளின் விவரம், இன்னொரு குழுவுக்கு அவனோடு ஒட்டாத, புனைந்த ஆளின் விவரம். இரண்டு பக்கமும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘குறிப்பு நன்றாகப் பொருந்துகிறது’ என்றார்கள். நம் ஊர் குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்று, “இந்த வீட்டுல ஒரு பெரிய மனசுக்கு உள்ளுக்குள்ள ஒரு கவலை இருக்குது” என்பாரே, அதே சங்கதி. கவலை இல்லாத வீடு எது? இங்கிலாந்திலேயே 1995-இல் 184 வழக்குகளை எடுத்துப் பார்த்ததில், குறிப்பு நேராகக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஆனாலும் பெரும்பாலான அதிகாரிகள் உபயோகமாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். உபயோகம் இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

பொருந்தாமல் போனாலாவது நேரம்தான் வீண். தவறான ஆளுக்குப் பொருந்திவிட்டால்? 1992-இல் லண்டன் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளம் தாய் கொலையானார். உளவியலாளர் தந்த குறிப்புக்கு ஒத்துப்போகிறான் என்று காலின் ஸ்டாக் என்பவர் பின்னால் போனது போலீஸ். ஒரு பெண் போலீஸைக் காதலிப்பதுபோல் பழகவிட்டு மாதக்கணக்கில் வாயைக் கிளறினார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். உண்மையில் செய்தவன் ராபர்ட் நாப்பர், டி.என்.ஏ. மூலம் 2008-இல்தான் முடிவானது. நடுவில், 1993 நவம்பரில், அவன் இன்னொரு தாயையும் அவர் குழந்தையையும் கொன்றிருந்தான்.

எனக்கும் இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. பல வருஷம் முன்பு, நான் ரைட்டராக இருந்த ஒரு ஸ்டேஷன் எல்லையில், எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், தனியாக இருந்த பாட்டியைச் சமையல்கட்டில் அடித்துக் கொன்றிருந்தார்கள். கழுத்துச் செயின் இல்லை. கீழேயிருந்து வந்த நிபுணர் ஒருவர் இடத்தைப் பார்த்துவிட்டு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வயது 25 முதல் 35, தனியாள், நிலையான வேலை இல்லாதவன், அநேகமாக வெளியூர். அவர் ‘அநேகமாக’ என்றுதான் எழுதியிருந்தார். எங்கள் கண்ணில் ‘வெளியூர்’ மட்டும் விழுந்தது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள் கீழ் லைனில் இருந்தார்கள். பதினோரு நாள் அந்த லைனையே புரட்டினோம். இரண்டு பையன்களை ராத்திரி ராத்திரியாகக் கூப்பிட்டு உட்காரவைத்ததில், சம்பளக் கணக்கைக்கூட முடிக்காமல் ஊருக்குப் போய்விட்டார்கள். போனதும், “பாத்தியா, ஓடிட்டான்” என்றோம்.

எஸ்டேட் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு, மூன்றாம் நாளே என் மேஜைக்கு வந்திருந்தது. கேட்டு வாங்கியவன் நான், பிரிக்காமல் வைத்திருந்தவனும் நான். அதன் அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம்கூட விழுந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் பிரித்தேன். சம்பவத்தன்று சாயந்திரம் வரை கவாத்து வேலையில் இருந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்திருந்த ஒருவருக்கு அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் வருகை, தான் போட்டிருந்தது. அப்படியென்றால் மதியத்துக்கு மேல் ஆள் எங்கே? பாட்டி வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. வயது 52. மனைவி, பிள்ளைகள், ஒரு பேரன். பாட்டி லைனில் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிறவர் என்பது ஊருக்கே தெரியும். அரைப் பக்கக் குறிப்பில் ஒரு வரிகூட அந்த மனுஷனுக்குப் பொருந்தவில்லை.

நிபுணர்மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படம் எங்கள் மண்டைக்குள் ஏற்கெனவே மாட்டியிருந்தது, அவர் அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். இந்த மலைக்கு இது புதிதும் இல்லை. காய்ச்சலோ சாவோ வந்தால், இங்குள்ள பழங்குடியினரைக் காட்டி, ‘குறும்பர் வைத்த மந்திரம்’ என்று முகத்தைப் பார்க்காமலே முடிவு கட்டிய காலம் இருந்தது. 1835-இல் அப்படி 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதையும், 1900-இல் ஒரு குடும்பமே அழிக்கப்பட்டதையும் பழைய நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டமும் நாம் பார்த்ததுதான். இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது யார் என்பதை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதால் கேட்கலாம். அதனால்தான் குறிப்பு வாங்குவது வேறு ஊர்களைவிட இங்கே ஆபத்து அதிகம் என்கிறேன்.

இரண்டாவது வழி, கேண்டர் காட்டியது. உள்ளுணர்வை ஓரம் வைத்துவிட்டு, இதுவரை பிடிபட்டவர்களின் கணக்கை வைத்துப் பேசுவது. எண்பதுகளில் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த பாலியல் தாக்குதல்கள், கொலைகள் பற்றி 1986-இல் அவரிடம் கேட்டார்கள். எங்கே குடியிருப்பான், கல்யாணம் ஆனவனா, முன்பு எதற்காகப் பிடிபட்டிருப்பான் என்று பதினேழு விஷயம் சொன்னார், பெரும்பகுதி சரியாக இருந்தது. ஆனால் முக்கியமான விஷயம் இது: போலீஸ் கையில் ஏற்கெனவே சுமார் 2,000 பேர் கொண்ட பட்டியல் இருந்தது. ஜான் டஃபி அதில் எங்கோ பின்னால் கிடந்தான். கேண்டரின் குறிப்பு அவனை முன்னுக்குக் கொண்டுவந்தது. பட்டியல் இல்லாமல் அந்தக் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், லண்டனில் யாரைப் போய்ப் பிடிப்பது?

இந்த வழியில் எனக்கு மரியாதை உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கெல்லாம் அந்த ஊர்க் கணக்கு. தனி ஃபிளாட்டில் வாழ்கிறவனை வைத்துப் போட்ட கணக்கை, சுவர் ஒட்டிச் சுவராகப் பத்து வீடு இருக்கும் லைனில் எப்படிப் போடுவது? நம்மிடம் இருக்கும் கணக்கு மொத்தமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. காரணங்களில் முதலிடம் தகராறு, 9,962 வழக்குகள். அடுத்தது முன்பகை, அதற்கடுத்தது ஆதாயம். ஆகவே தெரியாத ஆளைத் தேடும் முன்பு தெரிந்த ஆட்களிடம் போ என்பதுதான் நம்மூர்ப் புள்ளிவிவரம் சொல்கிற புத்தி. அதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை, ஏட்டையா போதும்.

மூன்றாவது, மேப். இதில்தான் தம்பி மகனுக்கு ஆசை அதிகம். சின்ன வயசிலிருந்தே கம்ப்யூட்டர் பைத்தியம். கனடாவில் வான்கூவர் போலீஸில் இருந்த கிம் ராஸ்மோ இதற்கு மென்பொருளே உருவாக்கினார். ஆள் வீட்டுக்கு மிக அருகில் செய்யமாட்டான், ரொம்பத் தள்ளியும் போகமாட்டான் என்பது அடிப்படை. மென்பொருள் வருவதற்கு முன்பே குண்டூசியும் நூலும் வைத்து ஒருவர் செய்துகாட்டினார். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் வழக்கில், ஸ்டூவர்ட் கைண்ட் என்ற தடயவியல் விஞ்ஞானி 1980 டிசம்பரில் 17 சம்பவங்களின் இடத்தைக் குத்தி, நடந்த நேரத்தையும் சேர்த்து யோசித்தார். வீட்டுக்குத் தூரமான இடத்தில் சீக்கிரமே செய்துவிட்டுத் திரும்புவான், பக்கத்தில் என்றால் ராத்திரி நேரம் கழித்தும் செய்வான். அப்படிப் பார்த்தால் ஆள் பிராட்ஃபோர்டு பக்கம்தான் என்றார். சட்கிளிஃபின் வீடு பிராட்ஃபோர்டில்தான் இருந்தது.

அருமையான வேலை. ஆனால் நமக்கு இரண்டு தடை. ஒன்று, குண்டூசி குத்த நாலைந்து சம்பவமாவது வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சாவு. இரண்டு, மலை. சமவெளியில் காம்பஸ் வைத்து வட்டம் போடலாம். இங்கே ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு, 30 கிலோமீட்டர் சுமார். கூடலூர் சுற்றி வந்தால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதே நேரம், சாலையில் முக்கால் மணி ஆகும் இடத்துக்குத் தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள், கொழுந்து மூட்டையோடு. ஆறு மணிக்கு மேல் யானை நிற்கும் பாதையில் கொலைகாரன்கூட நடக்கமாட்டான். பந்திப்பூர் சாலை ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடிக்கிடக்கும். ஆகவே கிலோமீட்டரை மறந்துவிடு, நிமிஷத்தில் மேப் போடு என்றேன். சம்பவ இடத்திலிருந்து அந்த நேரத்தில், அந்த மழையில், நடந்து இருபது நிமிஷத்தில் எந்த எந்த லைனுக்குப் போகலாம்? அதை மென்பொருள் சொல்லாது, அந்த எஸ்டேட் வாட்ச்மேன் சொல்வார்.

மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனை பற்றியும் அவன் கேட்டான். ஆள் கையில் கிடைத்த பிறகு பேச வேண்டிய விஷயம் அது, அப்போதும் கட்டாயப்படுத்த முடியாது. செல்வி வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைவு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டது. விடு என்றேன்.

நாலாவது, நம் பழைய வழி. பட்டியல். சம்பந்தப்பட்டிருக்கக்கூடியவர்களை எல்லாம் எழுதி, ஒவ்வொருவராகச் சரிபார்ப்பது. இதைப் பெரிதாகப் பேசிக்கொண்டே வந்ததால் இதற்குக் குறையே இல்லை என்று நினைக்கக் கூடாது. அதே சட்கிளிஃபை போலீஸ் ஒன்பது தடவை விசாரித்துவிட்டு அனுப்பியிருக்கிறது. அட்டை அட்டையாகக் குறிப்பு மலைபோல் குவிந்து, ஒரு அட்டை சொன்னது இன்னொரு அட்டைக்குத் தெரியாமல் போனது. போதாததற்கு, ‘நான்தான் கொலைகாரன்’ என்று யாரோ அனுப்பிய பொய் ஒலிநாடாவை நம்பி, அதில் கேட்ட வட்டாரப் பேச்சு இல்லாதவர்களை எல்லாம் கழித்துவிட்டார்கள். கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் ரோந்துப் போலீஸ் ஒரு காரை நிறுத்தி, நம்பர் பிளேட் பொய் என்று கண்டுபிடித்ததில் மாட்டினான். பட்டியல் இருந்தால் போதாது, அதை எந்த வரிசையில் படிப்பது என்று ஒருவர் சொல்ல வேண்டும். உளவியல் படித்தவருக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

2021-இல் மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடியது ஞாபகம் இருக்கும். ஆட்கொல்லி என்றால் வயசான புலி, காயம்பட்ட புலி என்று டீக்கடையில் ஆளாளுக்கு மனோதத்துவம் பேசினோம். வனத்துறை காட்டுக்குள் கேமரா கட்டி, விலாவில் இருக்கும் வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மூன்று வாரம் ஆனது, உயிரோடு பிடித்தார்கள். மனுஷனுக்கு வரி கிடையாது, சரி. ஆனால் செக்ரோல் இருக்கிறது, செக்போஸ்ட் கேமரா இருக்கிறது, செல்போன் டவர் இருக்கிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டி இ-பாஸ் இல்லாமல் மலை ஏற முடியாது, டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டிக்கு அது வேண்டாம். வெளியூர்க்காரன்தான் செய்தான் என்று யாராவது மீட்டிங்கில் ஆரம்பித்தால், அன்றைய இ-பாஸ் பட்டியலை மேஜையில் வை, பேச்சு தானாக அடங்கும் என்றேன். அப்புறம், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நீலகிரி மழையில் கால்தடம் ஒரு ராத்திரி தாங்காது. முதல் நாள் தார்ப்பாய் போட்டார்களா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

ஆக, நான் சொன்ன முடிவு இது. ஆட்கள் ஏழு பேரில் ஆறு பேர் பட்டியலுக்குப் போகட்டும். உளவியலாளரைக் கூப்பிடு, கட்டாயம் கூப்பிடு, ஆனால் ‘யார் செய்திருப்பான்’ என்று மட்டும் கேட்காதே. சந்தேகப்படும் ஆளின் பேரையும் அவரிடம் சொல்லாதே, சொன்னால் அவர் கணிப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கேட்க வேண்டியது வேறு. கொல்வதற்குத் தேவையானதைவிட அதிகமாக அங்கே என்ன செய்திருக்கிறான்? முகத்தை மூடியிருக்கிறானா? திருட்டு நடந்ததுபோல் பிறகு கலைத்துப் போட்டிருக்கிறானா? அந்த வீட்டில் மண்ணெண்ணெய் எங்கே இருக்கும், பின்கதவுத் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்று தெரிந்தவனா? உட்காரவைத்து விசாரிக்கும்போது எதை முதலில் கேட்கக் கூடாது? இதற்கெல்லாம் படித்தவர்கள் நல்ல பதில் தருவார்கள். அதை வைத்துப் பட்டியலில் இருப்பவர்களை வரிசைப்படுத்து. ஒருவரைக்கூட அதை வைத்துக் கழிக்காதே. அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, உறையில் ஒட்டி வை. வழக்கு முடிந்ததும் பிரித்து எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணிப் பார். இதைப் பத்து வழக்குக்குச் செய்தால் நம்மூருக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும்.

ஒரே ஆள் செய்ததுபோல் மூன்று நாலு சம்பவம் வரிசையாக வந்தால், முன்பின் தெரியாத பெண்களைக் குறிவைத்தால், அப்போது என் வரிசை மாறும். அந்த மாதிரி வழக்கில் கேண்டர் வழியும் மேப்பும் முன்னுக்கு வரும். தனிச் சாவுக்கு இல்லை.

“கோர்ட்ல நிக்குமா பெரியப்பா?” என்றான். குணத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க நம் சட்டத்தில் இடம் இல்லை. நிபுணர் கருத்து என்று கொண்டுபோனாலும் அது வெறும் கருத்து. செயினும் ரத்தமும் அரைப்பேரும்தான் கூண்டில் பேசும்.

நாலு நாள் கழித்து மறுபடி போன். பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம்.

“மூணு எஸ்டேட் செக்ரோலும் வந்துருச்சு பெரியப்பா. மூட்டையா இருக்கு. எந்தத் தேதியிலேர்ந்து பாக்கறது?”

“சம்பளம் போட்ட தேதியிலேர்ந்து,” என்றேன்.